பழைய கண்ணாடி விளக்கு எந்த ஊர், என்ன வயது? திருகிலிருந்து தொடங்குங்கள்

"பெல்ஜியம் சார். நூற்றைம்பது வருடம்."

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் அந்த விளக்கைக் கையில் எடுத்ததுமே இந்தப் பதில் வந்துவிட்டது. நான் இன்னும் கேள்வியே கேட்கவில்லை. முழங்கை உயரத்தில் ஒரு மேசை விளக்கு. பித்தளைக் கால், அதன் மேல் வெளிர்பச்சைக் கண்ணாடியில் எண்ணெய்க் குடுவை, அதற்கு மேல் திரியைப் பிடித்து எரிய வைக்கும் பர்னர், சிம்னி, பால்வெள்ளைக் கண்ணாடி உருண்டை. பேரம் பேசி வாங்கி வந்தேன். ஆறு மாதம், வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "பெல்ஜியம், நூற்றைம்பது வருடம்" என்று நானும் ஒப்பித்தேன். ஒருநாள் தூசு தட்டும்போது, திரியை ஏற்றி இறக்கும் திருகின் முகத்தில் ஏதோ எழுத்து விரலில் தட்டுப்பட்டது. முகத்துக்குப் போடும் பவுடரை அதன் மேல் தடவி, மேலாகத் துடைத்துவிட்டு, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். பள்ளத்தில் தங்கிய பவுடர் எழுத்தாகத் தெரிந்தது: 'கோஸ்மோஸ் பிரென்னர்'. பிரென்னர் ஜெர்மன் சொல். பர்னர் என்று பொருள். பெல்ஜியம் அன்றோடு ஆட்டம் கண்டது.

மறுநாளிலிருந்து "ஜெர்மனி" என்று மாற்றிச் சொல்லத் தொடங்கினேன். அதுவும் அவசரக்குடுக்கைத்தனம்தான் என்று புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது. பழைய கண்ணாடி விளக்கை வைத்துக்கொண்டு முதன்முதலாக விழிப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது: விளக்கை ஒரே பொருளாக நினைப்பது. உண்மையில் அது கூட்டுக் குடும்பம். குடுவை ஓர் ஊரில் ஊதியது, பர்னர் வேறு ஊரில் அடித்தது, காலை வார்த்தவன் மூன்றாவது ஆள். சிம்னி உடைய உடைய மாற்றிக்கொண்டே இருந்திருப்பார்கள். எண்பது வருடம் புழங்கிய விளக்கில் எல்லா உறுப்பும் ஒரே நாளில் பிறந்திருந்தால் அதுதான் அதிசயம். ஆகவே ஒவ்வொன்றையும் தனியாக விசாரிக்க வேண்டும்.

அப்படி விசாரிக்கும்போது கிடைக்கும் பதிலும் ஒரு குறிப்பிட்ட வகையானது. பழைய உண்டியல் ஒன்றைக் குலுக்கியபோது அதிலிருந்து ஒரு நயா பைசா விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நயா பைசா 1957-இல்தான் வந்தது. ஆகவே அந்த உண்டியலில் யாரோ 1957-இலோ அதற்குப் பிறகோ காசு போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் நிச்சயம். உண்டியல் எப்போது செய்தது என்று அந்தக் காசு சொல்லாது. கடைசியாக எப்போது காசு விழுந்தது என்றும் சொல்லாது. விளக்கின் மேல் நீங்கள் காணும் ஏறக்குறைய எல்லாத் தடயமும் இந்த நயா பைசா மாதிரிதான். "இந்த வருடத்துக்கு முன்னால் இருக்க முடியாது" என்று மட்டும் சொல்லும். அதைக் கீழ்வரம்பு என்று வைத்துக்கொள்வோம். மேல்வரம்பு, அதாவது "இதற்குப் பிறகு இருக்க முடியாது" என்பது, கிடைப்பது அரிது. விற்பவர்கள் கீழ்வரம்பைப் பிறந்த தேதியாகச் சொல்லி விற்கிறார்கள். நாமும் ஆசையோடு நம்பிவிடுகிறோம்.

முதல் கேள்வி: என்ன எண்ணெய்?

நம் வீட்டுக் குத்துவிளக்கைப் பாருங்கள். திரி எண்ணெயிலேயே படுத்திருக்கிறது. சுடர் எண்ணெய் மட்டத்துக்கு ஒரு விரற்கடை உயரத்தில் எரிகிறது. அழகுக்காக மட்டும் வந்த அமைப்பு இல்லை இது. நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் கெட்டியானவை. திரி வழியாக அதிக உயரம் ஏறாது. ஐரோப்பாவிலும் இதே தொல்லைதான். 1780-களில் சுவிட்சர்லாந்துக்காரர் ஏமே ஆர்கான் குழாய் வடிவத் திரியையும், அதன் நடுவே காற்று ஏறும் வழியையும் அமைத்து வெளிச்சத்தைப் பல மடங்கு கூட்டினார். ஆனாலும் எண்ணெய்த் தொட்டியைச் சுடருக்குப் பக்கவாட்டில், உயரத்தில் வைக்க வேண்டியிருந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கடிகார விசை வைத்தும், 1830-களில் சுருள்வில் வைத்தும் எண்ணெயை மேலே தள்ளினார்கள்.

மண்ணெண்ணெய் வந்ததும் கதை மாறியது. தண்ணீர் போல இளகிய எண்ணெய். திரியைத் தொட்டால் தானே ஏறும். 1853 ஜூலை 31 அன்று லெம்பெர்க் நகர மருத்துவமனையில் ஓர் இரவு அறுவை சிகிச்சை இக்னாசி வுகாசியேவிச் அமைத்த மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் நடந்தது. அந்த ஊர் இன்று உக்ரைனின் லிவிவ். 1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் எண்ணெய் வந்தபின் மண்ணெண்ணெய் மலிந்தது. உலகமெங்கும் டின் டின்னாகக் கப்பலேறியது. நான்கு காலன் பிடிக்கும் அந்தச் சதுர டின் நம் நாட்டில் எண்ணெயை விட ஆயுள் கெட்டியாக இருந்தது தனிக் கதை; கூரை வேய்ந்தது முதல் தண்ணீர் சுமந்தது வரை அதுதான்.

இதிலிருந்து விளக்குக்கு வருவோம். குடுவை கீழே, பர்னர் நேராக அதன் தலையில், திரி எண்ணெயிலிருந்து நாலைந்து விரற்கடை ஏற வேண்டியிருக்கிறது, விசை எதுவும் இல்லை என்றால் அது மண்ணெண்ணெய்க்கென்றே பிறந்த விளக்கு. ஆகவே 1850-களுக்கு முன்னால் இருக்க வழியில்லை. "இருநூறு வருடப் பழைய மண்ணெண்ணெய் விளக்கு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய விசை விளக்குகளின் உள்ளே இருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு மண்ணெண்ணெய்ப் பர்னர் பொருத்திக்கொண்டவர்கள் இருந்தார்கள். அப்படியானால் கால் பர்னரை விட மூத்தது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கு என்பதாலேயே அது பழமையானதும் ஆகிவிடாது. மின்சாரம் வந்து சேராத கிராமங்களில் சிம்னி விளக்கும் அரிக்கேன் விளக்கும் நேற்றுவரை எரிந்தன. அதற்கான சிம்னிகள் இன்றும் உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்திலிருந்து, அந்த ஊர் வளையல்களோடு சேர்ந்து, வருகின்றன.

பர்னரை எப்படிப் படிப்பது

விளக்கில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே உறுப்பு பர்னர் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான்; ஆனால் தொடங்க அதைவிட நல்ல இடம் இல்லை. கண்ணாடி பெரும்பாலும் ஊமை. பர்னர் பித்தளை, அதில் முத்திரை அடிப்பது சுலபம். திருகின் வட்ட முகத்தில்தான் பெயர் இருக்கும். அங்கு இல்லாவிட்டால் பர்னரின் விளிம்பு, அடிப்பாகம் ஆகியவற்றையும் பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளை என்றாலே நம் கை தானாகப் புளியைத் தேடும். பளபளப்பு வரும், கூடவே நூறு வருடமாக மங்கிக்கொண்டிருந்த எழுத்து முழுதாகப் போய்விடும். பவுடரும் சாய்ந்த வெளிச்சமும் போதும்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் எதிர்ப்படக்கூடியவை மூன்று குடும்பங்கள். மூன்றையும் எழுத்து இல்லாமலேயே திரியைப் பார்த்துப் பிரித்துவிடலாம்.

முதலாவது ஜெர்மன் கோஸ்மோஸ். பெர்லினில் இருந்த வில்ட் - வெஸல் நிறுவனம் 1860-களின் நடுவில் கொண்டுவந்தது. அடியில் தட்டையாக நுழையும் அகலத் திரி, மேலே போகப் போக வளைந்து, வாயில் முழு வட்டமாகிவிடும். ஆர்கானின் குழாய்த் திரியை மலிவாகச் செய்த தந்திரம் இது. இதற்கான சிம்னியும் தனி ரகம்: நெட்டையாக, சுடர் இருக்கும் உயரத்தில் இடுப்பு சிறுத்திருக்கும். அந்த இடுப்புதான் காற்றைச் சுடர் மேல் தள்ளுகிறது. திருகில் 10, 14 போல ஓர் எண்ணும் அதன் தோளில் மூன்று சிறு கோடுகளும் இருந்தால் அது 'லைன்' என்ற பழைய பாரிஸ் அளவு. ஒரு லைன் சுமார் இரண்டேகால் மில்லிமீட்டர். பெர்லின், லைப்சிக் நகரங்களின் வேறு பல நிறுவனங்களும் இதே மாதிரியை அடித்துத் தள்ளின. அதனால் 'கோஸ்மோஸ்' என்ற சொல் மட்டும் இருந்தால் மாதிரியின் பெயர் தெரிகிறது, செய்தவர் பெயர் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆங்கிலேய டூப்ளெக்ஸ். பர்மிங்காமின் ஹிங்க்ஸ் நிறுவனம் 1865-இல் காப்புரிமை பெற்றது. இரண்டு தட்டைத் திரிகள் அக்காள் தங்கை போல அடுத்தடுத்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு. பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோல் இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள்: இரண்டு தகடுகள் எழும்பிச் சுடரை மூடி அணைக்கும். ஊதி அணைக்கும் அபாயம் வேண்டாம் என்று செய்த ஏற்பாடு. ஹிங்க்ஸ் தவிர மெசஞ்சர், யங், 'வெரிடாஸ்' என்ற பெயர்களும் திருகில் வரும், எல்லாம் பிரிட்டன். பித்தளைத் தூண், கறுப்புப் பீங்கான் பீடம், வண்ணக் கண்ணாடிக் குடுவை என்று நம் ஊர் ஜமீன் வீட்டுப் புகைப்படங்களில் மூலையில் நிற்பது பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

மூன்றாவது அமெரிக்க ஒற்றைத் தட்டைத் திரி. இதை அடிக்கோலால் பிடிக்கலாம். திரியின் அகலம் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு என்றால் ஒன்றாம் நம்பர். முழு அங்குலம் என்றால் இரண்டாம் நம்பர். சிம்னியின் அடிவிட்டம் முறையே இரண்டரை அங்குலம், மூன்று அங்குலம். இதன் சிம்னி தொந்தி வைத்தது. மேல் விளிம்பில் முத்துக் கோத்த மாதிரி அலங்காரம் இருக்கலாம். அந்த முத்து விளிம்புக்குப் பிட்ஸ்பர்க்கின் மெக்பெத் 1883-இல் காப்புரிமை எடுத்தார். அமெரிக்கத் திருகுகளில் காப்புரிமைத் தேதிகள் வரிசையாக இருக்கும். பலர் முதல் தேதியைப் படித்துவிட்டு மகிழ்ந்துபோகிறார்கள். படிக்க வேண்டியது கடைசித் தேதியை. அதுவும் கீழ்வரம்புதான். அன்றைய அமெரிக்கக் காப்புரிமை பதினேழு வருடம் செல்லும்; அந்த அச்சு தேயும்வரை, அதற்கு அப்பாலும், அதே தேதியை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

பர்னர் பேசி முடித்தபின், அது சாட்சி சொல்லத் தகுதியானதுதானா என்று பார்க்க வேண்டும். பர்னர் கழன்று வருவது. யாரும் எதையும் திருகி வைக்கலாம். குடுவையின் கழுத்தில் இருக்கும் பித்தளை வளையத்தில் பர்னர் இழைந்து உட்கார்கிறதா? இடையில் கூடுதலாக ஒரு மாற்று வளையம் இருக்கிறதா? பர்னரின் பித்தளையும் வளையத்தின் பித்தளையும் ஒரே அளவில் மங்கியிருக்கின்றனவா? மாற்று வளையம் இருந்தால் அந்தப் பர்னர் வாழ வந்த மருமகள். அதன் ஊரை வைத்துக் குடுவையின் ஊரைச் சொல்லக் கூடாது.

என் விளக்கில் வளையம் இழைந்திருந்தது. நல்லது. ஆனால் அப்போதும் பச்சைக் குடுவை ஜெர்மனியில் ஊதியது என்று ஆகிவிடாது. பர்மிங்காம்காரர்களே குடுவைகளைப் பொஹீமியாவிலிருந்து வரவழைத்துத் தங்கள் பித்தளையில் பொருத்தி விற்றார்கள். பொஹீமியா என்பது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி. கண்ணாடிக்கு அது நம் காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பது போல.

சட்டம் எழுத வைத்த சொற்கள்

விளக்கின் அடியிலோ பர்னரிலோ ஒரு நாட்டின் பெயர் இருந்தால் கொண்டாடலாம். யாரோ பெருமைக்காகப் போட்டதில்லை. சுங்கச் சட்டம் போட வைத்தது. 1891 முதல் அமெரிக்கா, இறக்குமதியாகும் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. பிரிட்டன் 1887-இலும் பிரிட்டிஷ் இந்தியா 1889-இலும் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தன. ஆகவே 'ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தால் பெரும்பாலும் 1880-களின் இறுதிக்குப் பின். 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949-க்குப் பின், 1990-க்கு முன். இந்த அபூர்வ இனத்தில் மேல்வரம்பும் சேர்ந்தே கிடைக்கிறது. 'செக்கோஸ்லோவாகியா' 1918-க்கு முன் ஒரு நாடாகவே இல்லை. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று இருந்தால் இரண்டாம் உலகப் போருக்கும் 1952-க்கும் நடுவே.

நாட்டின் பெயர் இல்லாவிட்டால்? 1891-க்கு முன் என்று துள்ளாதீர்கள். காகித வில்லையாக ஒட்டியது உதிர்ந்திருக்கலாம். அமெரிக்காவுக்குப் போகாத சரக்குக்கு அந்தச் சட்டத்தோடு வழக்கே இல்லை. இல்லாத எழுத்து எதையும் நிரூபிக்காது.

சுருக்கெழுத்துகளில் மூன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 'டி.ஆர்.ஜி.எம்.' ஜெர்மன் பேரரசின் பயன்பாட்டு வடிவப் பதிவு, 1891-க்குப் பின். 'எஸ்.ஜி.டி.ஜி.' பிரெஞ்சுக் காப்புரிமை. 1844 முதல் 1968 வரை. "அரசாங்கம் உத்தரவாதம் தரவில்லை" என்பதன் முதலெழுத்துகள் அவை. காப்புரிமை கொடுத்த கையோடு கையைக் கழுவிக்கொண்ட அரசாங்கம்! மூன்றாவது, பிரிட்டிஷ் வடிவப் பதிவு. 1842 முதல் 1883 வரை அது வைர வடிவக் கட்டம். உச்சியில் உள்ள ரோமன் எண் பொருளின் வகை, மூன்று என்றால் கண்ணாடி, ஒன்று என்றால் உலோகம். 1884 முதல் கட்டம் போய் 'ஆர்டி நம்பர்' என்று ஒன்றிலிருந்து தொடங்கும் வரிசை எண் வந்தது. 1900 தொடங்கியபோது அது மூன்றரை லட்சத்தைத் தொட்டிருந்தது. உங்கள் விளக்கில் இரண்டு லட்சத்துச் சொச்சம் என்று இருந்தால் 1890-களில் பதிவான வடிவம். வடிவம் பதிவானது அப்போது. விளக்கு செய்தது அப்போதோ பிறகோ.

ஊமைக் கண்ணாடி

இனி குடுவை. கழுவ நினைத்தால் வெறும் தண்ணீரில், துணி நனைத்துத் துடையுங்கள். கழுத்து வளையத்தைக் கண்ணாடியோடு ஒட்டியிருப்பது பெரும்பாலும் சாந்து, ஊறினால் இளகும். அந்த வெள்ளைச் சாந்து வளையத்தின் ஓரத்தில் பொருக்காகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நல்ல அறிகுறி. அதற்குப் பதில் கண்ணாடி போல மின்னும் பசை வழிந்திருந்தால் அண்மையில் யாரோ கழற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்து, விரல். கண்ணை மூடிக்கொண்டு குடுவையைச் சுற்றித் தடவுங்கள். மேலிருந்து கீழாக மெல்லிய தழும்புக் கோடு தட்டுப்பட்டால் அச்சில் செய்தது. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. இனி பர்னரைக் கழற்றிவிட்டு ஒரு விரலை உள்ளே விடுங்கள். வெளியே பூவும் கோடுமாக மேடு பள்ளம் இருக்க, உள்ளே வழவழவென்று இருந்தால் உருகிய கண்ணாடியை அச்சில் வைத்து உலக்கையால் அழுத்தியது. வெளியே மேடு இருக்கும் இடத்தில் உள்ளே பள்ளம் இருந்தால் அச்சுக்குள் ஊதியது. அழுத்திய கண்ணாடியை 1820-களில் அமெரிக்கர்கள் பெரிய அளவில் செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முன் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

கோடே இல்லை என்றால் அடியைத் திருப்புங்கள். கைகளால் ஊதிய கண்ணாடிக்குத் தொப்புள் உண்டு. வாய்ப்பக்கம் வேலை செய்யும்போது, அடியில் ஓர் இரும்புக் கோலை ஒட்டிப் பிடித்துக்கொள்வார்கள். முடிந்ததும் தட்டி உடைப்பார்கள். உடைந்த இடத்தில் சொரசொரவென்று ஒரு வடு தங்கும். தரமான சரக்கில் அதைத் தேய்த்து வழுக்கையாக்கி வட்டப் பள்ளமாக விட்டிருப்பார்கள். தொப்புள் இருந்தால் கைவேலை என்று தெரியும். பழைய கைவேலை என்று தெரியாது. இன்றும் ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

புற ஊதா டார்ச் ஒன்று இருட்டறையில் பெரிய உதவி. ரூபாய் நோட்டைச் சோதிக்க வைத்திருப்பார்களே, அதுதான். என் பச்சைக் குடுவையின் மேல் அதை அடித்தபோது எலுமிச்சைப் பச்சையாகப் பொங்கி எரிந்தது. யுரேனியம் கலந்த கண்ணாடி. பொஹீமியாவின் யோசப் ரீடல் 1830-களில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்து, மஞ்சளுக்கும் பச்சைக்கும் மனைவி அன்னாவின் பெயரை வைத்தார். அடுத்த நூறு வருடம் ஐரோப்பாவும் அமெரிக்காவும் இதைச் செய்தன. இதன் ஒளியை மாங்கனீசு கலந்த நிறமற்ற கண்ணாடியின் ஒளியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதுவும் பச்சையாகத்தான் ஒளிரும். ஆனால் சோகையாக, இருக்கிறதா இல்லையா என்பது போல. அந்த மாங்கனீசுக் கண்ணாடி வருடக்கணக்காக வெயிலில் இருந்தால் மெல்ல ஊதா நிறம் ஏறும். வெயில்படும் ஜன்னலோரம் நின்ற சிம்னியில் இளம் ஊதாச் சாயல் தெரிந்தால் அது பழைய சரக்கு என்பதற்கு ஓரளவு நல்ல சாட்சி.

சிவப்பில் ஏமாறுவது அதிகம். அடியில் அல்லது வெட்டுக் கோட்டில் கீறல் விழுந்த இடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கீறலுக்கு அடியில் நிறமற்ற கண்ணாடி தெரிந்தால் சிவப்பு மேற்பூச்சுதான். அது கள்ளம் என்று பொருளில்லை. பொஹீமியாவில் ஃபிரீட்ரிக் எகர்மான் 1832-இல் கண்டுபிடித்த சிவப்புச் சாயம் இப்படித்தான், அதற்கென்று தனி மதிப்பும் உண்டு. முழுக்கண்ணாடியும் இளஞ்சிவப்பாக இருந்தால் தங்கம் கரைத்துச் சேர்த்ததாக இருக்கலாம்.

பெயரில் ஏமாறுவதற்கு ஓர் உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடியில் எலுமிச்சை மஞ்சள், மேலே போகப் போக ரோஜா நிறம், மங்கலான மேற்பரப்பு என்று ஒரு வகைக் கண்ணாடி உண்டு. பெயர் 'பர்மீஸ்'. நகரத்தார் பர்மாவில் கொண்டுவிற்ற வரலாறு தெரிந்த நம் ஊரில், "பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது" என்று கதை கட்ட இதைவிட வசதி வேண்டுமா? பர்மாவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் மவுண்ட் வாஷிங்டன் கண்ணாடி நிறுவனத்தின் ஃபிரெடரிக் ஷர்லி 1885-இல் காப்புரிமை பெற்ற கலவை அது. தங்கமும் யுரேனியமும் சேர்ந்தது. இங்கிலாந்தில் தாமஸ் வெப் நிறுவனம் உரிமம் வாங்கிச் செய்தது.

பெல்ஜியமும் இப்படியொரு பெயர்தான். அந்த நாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜன்னல் கண்ணாடியின் பெரும்பகுதியை ஏற்றுமதிக்கென்றே செய்தது. லியேஜ் நகருக்கு அருகே 1826-இல் தொடங்கிய வால் சான் லம்பேர் ஆலை படிகக் கண்ணாடிக்குப் பெயர் பெற்றது. நம் வீட்டு நிலைக்கண்ணாடிகள் அங்கிருந்து நிறைய வந்தன. அந்தப் புகழ் மெல்ல ஒட்டிக்கொண்டு, தமிழ்நாட்டில் நல்ல கண்ணாடி எல்லாமே பெல்ஜியம் ஆகிவிட்டது. கூடத்து சரவிளக்குகளில் பல பர்மிங்காமின் ஆஸ்லர் நிறுவனத்தின் பாணி. அவர்கள் 1840-களிலேயே கல்கத்தாவில் கடை திறந்தவர்கள். சரவிளக்குகளுக்கு இங்கே சொன்ன பர்னர் பாடம் உதவாது; உலோகத் தண்டுகளிலும் கைகளிலும் முத்திரை தேட வேண்டும். அது வேறு நாள் வேலை.

தேய்மானமும் தில்லுமுல்லும்

அடிவிளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பல்லாண்டு மேசையில் நகர்ந்த விளக்கில் கீறல்கள் தரையைத் தொடும் வளையத்தில் மட்டும், நாலா திசையிலும், ஆழமும் மெலிவுமாக இருக்கும். உப்புத்தாளில் தேய்த்து வயதேற்றியது என்றால் எல்லாம் ஒரே திசையில், ஒரே ஆழத்தில், தரையில் படாத இடத்திலும் இருக்கும். திருகாணியின் தலையைப் பாருங்கள்: ஒற்றைப் பிளவு பழசுக்கும் புதுசுக்கும் பொது, கூட்டல் குறி போன்ற பிளவு 1930-களின் நடுவில்தான் பரவத் தொடங்கியது. பீடத்திலோ குடுவையிலோ வயர் போக ஓட்டை போட்டிருந்தால் மின்விளக்காக மாற்றியிருக்கிறார்கள். விலையைக் குறைத்துக் கேட்க அதைவிட நல்ல காரணம் வேண்டாம். உருண்டையோ குவளையோ தன் வளையத்தில் ஆடினால், அல்லது ஆடாமலிருக்கத் துணி செருகியிருந்தால், அது வேறு விளக்கின் சொத்து.

என் விளக்கில் உருண்டைக்கு அடியில் மடித்த துணி நாடா இருந்தது. பீடத்தின் அடியில் கூட்டல் பிளவுத் திருகாணிகள் இரண்டு இருந்தன. கழற்றிப் பார்த்தால் அவை பிற்பாடு ஒட்டிய கம்பளித் துண்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. கழுத்தில் சாந்துப் பொருக்கு அப்படியே இருந்தது. நாட்டின் பெயர் எங்கும் இல்லை. 1914 ஆகஸ்டில் போர் வந்ததும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு ஜெர்மன் சரக்கு நின்றுபோனதையும், பிறகு வந்த வருடங்களில் வசதியுள்ள வீடுகள் மின்சாரத்துக்கு மாறியதையும் வைத்துப் பார்த்தால், இப்படியொரு அலங்கார விளக்கு அதற்கு முன்பே இங்கே வந்திருக்கும் என்பது என் கணிப்பு. கணிப்பு என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.

விளக்கின் காலில் இப்போது ஒரு சிறு அட்டை தொங்குகிறது. அதில் இருப்பது இது:

பர்னர்: ஜெர்மன் மாதிரி, 1860-களின் நடுவுக்கு முன் இல்லை. குடுவை: யுரேனியக் கண்ணாடி, கையால் ஊதியது, பர்னரோடு பிறந்தது, பொஹீமியா அல்லது ஜெர்மனி, கணிப்பு. கால்: அதே காலம். முழுவதும் பெரும்பாலும் 1914-க்கு முன். உருண்டை: இதனுடையதில்லை. சிம்னி: போன தீபாவளிக்கு வாங்கியது, ஃபிரோசாபாத்.